குழிப்பொறி பிறந்த கதை

மார்கழியிலும் தையிலும் வேளச்சேரி - தாம்பரம் சாலையில் போகிறவர்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தினால், சேற்று விளிம்பில் ஓடி ஓடிக் கொத்தும் ஒரு சின்னப் பறவையைப் பார்க்கலாம். கொசு உள்ளான். கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. கேமராவோடு வருகிறவர்களின் கண் பூநாரைகள் மேல் இருக்கும். இது யார் கண்ணிலும் படாது. ஆனால் அது வந்த தூரம் பெரியது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, மரமே இல்லாத துந்திரா வெளியில் அது பிறந்தது. முட்டையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து அதன் இரையை அதுவே தேடிக்கொண்டது. தாய் வாயில் ஊட்டவில்லை. அங்கே கிடைத்ததெல்லாம் சிலந்தி, ஈ, வண்டு, கொசுவினப் பூச்சிகள். பனி உருகியபின் சில வாரங்களுக்கு மட்டும் அவை தரையெங்கும் பெருகும். அந்தச் சில வாரங்களுக்குள் குஞ்சு வளர்ந்து, சிறகு முற்றி, தெற்கே கிளம்பியாக வேண்டும்.

அந்தச் சில வாரங்கள் எந்தத் தேதியில் தொடங்குகின்றன, எந்தத் தேதியில் உச்சத்துக்குப் போகின்றன, ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கின்றன என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரியும். தெரிய வைத்தது செயற்கைக்கோள் அல்ல. மண்ணில் வாய்மட்டத்துக்குப் புதைத்த ஒரு கிண்ணம்.

அதற்குக் குழிப்பொறி என்று பெயர். நம் விவசாயிகளுக்கு விளக்குப்பொறியும் இனக்கவர்ச்சிப் பொறியும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் தெரியும். குழிப்பொறி அவற்றின் அமைதியான உறவுக்காரன். ஒளி கிடையாது, வாசனை கிடையாது. தரையோடு தரையாக வாயைத் திறந்து காத்திருக்கும். நடந்துபோகிற சிலந்தியோ வண்டோ விளிம்பைத் தாண்டினால் உள்ளே விழும். வழுக்கும் சுவரில் ஏற முடியாது. அடியில் இருக்கும் திரவம் உடலைக் கெடாமல் வைத்திருக்கும்.

குழி வெட்டி உயிர் பிடிப்பது மனிதன் கண்டுபிடித்தது அல்ல. காய்ந்த மணலில், சுவரோர நிழலில் கூம்பு வடிவக் குழி பறித்து அடியில் ஒளிந்திருக்கும் குழிநரியைச் சிறுவயதில் குச்சியால் சீண்டாதவர் நம்மில் குறைவு. எறும்பு சறுக்கி விழும்வரை அது பொறுத்திருக்கும். மனிதரும் பெரிய விலங்குகளுக்கு அதையே செய்தார்கள். யானை பிடிக்க வெட்டிய குழிக்குச் சங்க காலத்திலேயே பயம்பு என்ற பெயர் உண்டு. ஆனால் இவையெல்லாம் தின்பதற்காகவும் பழக்குவதற்காகவும் வெட்டிய குழிகள். எண்ணுவதற்காகக் குழி வெட்டிய கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தொடங்குகிறது.

ஜெர்மனியின் சிலந்தி அறிஞர் ஃபிரீட்ரிஷ் டால், பிணம் தின்னும் பூச்சிகளின் வாழ்க்கையை ஆராய்ந்தவர். செத்த விலங்கின் துண்டை இரையாக வைத்து, தரையில் பாத்திரம் புதைத்து, எந்தெந்தப் பூச்சி வருகிறது என்று பார்த்தார். 1896-ல் அது அச்சில் வந்தது. இரையை எடுத்துவிட்டு வெறும் பாத்திரத்தைப் புதைக்கும் யோசனை குளிர்நாடான பின்லாந்திலிருந்து வந்தது. மார்ட்டி ஹெர்ட்ஸ் என்பவர் 1927-ல், இயற்கை ஆர்வலர்களுக்கான ஒரு பின்னிய மொழி இதழில், தரைவண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று இந்த முறையில் பார்த்ததைச் சில பக்கங்களில் எழுதினார். ஐந்தே பக்கக் கட்டுரை. பின்னிய மொழி தெரியாத உலகம் அதைப் படிக்கவில்லை.

அதனால் பெயர் இன்னொருவருக்குப் போனது. வாஷிங்டன் தேசிய அருங்காட்சியகத்து வண்டுகளோடு வாழ்நாளைக் கழித்த ஹெர்பர்ட் ஸ்பென்சர் பார்பர், மின்மினிகளை ஆராய்ந்ததற்காக அறியப்பட்டவர். குகைக்குள் வாழும் பூச்சிகளைப் பிடிப்பதற்கான பொறி பற்றி 1931-ல் எழுதினார். குகைப் பூச்சிகளைக் கையால் பிடிப்பது அரிது. இருட்டில் உட்கார்ந்து காத்திருக்க எந்த மனிதனாலும் முடியாது. பாத்திரத்தைப் புதைத்து, கெடாமல் காக்கும் திரவத்தை ஊற்றி வைத்துவிட்டால், மனிதன் போய்விடலாம்; பொறி இரவும் பகலும் விழித்திருக்கும். ஐரோப்பாவில் இன்றும் பலர் இதைப் பார்பர் பொறி என்கிறார்கள். டாலும் ஹெர்ட்ஸும் அந்தப் பெயருக்குள் மறைந்துபோனது எனக்கு வருத்தம்தான். ஆயினும் பார்பர் சேர்த்தது சின்ன விஷயம் அல்ல: ஆள் இல்லாத நேரத்தையும் பதிவுசெய்ய முடியும் என்பதை அவர் காட்டினார். ஆள் நடமாட்டமே இல்லாத பனிவெளிக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பிறந்த குழந்தைக்கு வழக்கும் வந்தது. இந்தக் கிண்ணம் எதை எண்ணுகிறது? பிரிட்டனில் கிரீன்ஸ்லேட் 1964-ல் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியை நேராக முன்வைத்தது. காலை எட்டு மணிக்கு வேளச்சேரி ரயில் நிலைய வாசலில் நின்று போகிறவர்களை எண்ணினால், ஊரில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது; எத்தனை பேர் நடந்தார்கள் என்றுதான் சொல்ல முடியும். குழிப்பொறியும் அப்படித்தான். வெயில் அடித்தால் சிலந்தி அதிகம் நடக்கும், அதிகம் விழும். குளிர்ந்தால் ஒடுங்கும், குறைவாக விழும். ஆண் சிலந்தி துணை தேடி அலையும் வாரத்தில் கிண்ணம் நிறையும். அதனால் ஆண்களே அதிகம் என்று முடிவு கட்டினால் தவறு. புல் அடர்ந்த இடத்தில் நடை தடைப்படும். கிண்ணத்தின் வாயகலம் மாறினாலும் கணக்கு மாறும்.

இந்தக் குறையை எந்தப் புதுக் கருவியும் முழுதாகத் தீர்க்கவில்லை. பிடிவாதம்தான் ஓரளவு தீர்த்தது. அதே இடம், அதே அகலக் கிண்ணம், அதே திரவம், அதே இடைவெளி, ஆண்டு தோறும். ஒரு வருடத்துக் கிண்ணம் ஒரு செய்தியும் சொல்லாமல் போகலாம். இருபது வருடம் ஒரே இடத்தில் இருந்த கிண்ணம் காலநிலைக் கருவி ஆகிவிடுகிறது. குழிப்பொறி இரண்டாம் முறை பிறந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன். அந்த இரண்டாம் பிறப்புதான் எனக்கு முக்கியம்.

அதற்கு முன் பனிக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே முப்பது டிகிரி உறைகுளிர் இருந்தாலும், தடித்த பனிப்போர்வைக்கு அடியில், மண்ணுக்கும் பனிக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். ஸ்வீடனில் நேஸ்மார்க் என்பவர் 1964-ல், பனி விழும் முன்பே கூரையோடு புதைத்துவைக்கும் குழிப்பொறியை விவரித்தார். நடுக்குளிர்காலத்திலும் அதில் சிலந்திகள் விழுந்தன. கனடாவின் மானிட்டோபாவில் கேஸி ஐட்சிசன் செய்த ஆய்வுகள், உறைநிலைக்குச் சற்றுக் கீழேயும் சில சிலந்திகள் இரை பிடித்துத் தின்னும் என்று காட்டின. குளிர் வந்தால் எல்லாப் பூச்சியும் தூங்கிவிடும் என்ற எண்ணத்தை மாற்றியதும் ஒரு கிண்ணம்தான்.

இப்போது கிரீன்லாந்தின் வடகிழக்குக் கரை. ஸாக்கன்பர்க் என்ற இடம், 74 டிகிரி வட அட்சம். ஜூலையில்கூடச் சராசரி வெப்பம் ஆறு டிகிரி அளவில்தான். டென்மார்க் அறிவியலாளர்கள் 1996-ல் அங்கே பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணங்களைப் புதைத்தார்கள். உள்ளே தண்ணீரும் சில துளி சோப்புக் கரைசலும். சோப்பு தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும். விழுந்த பூச்சி மிதந்து தப்பாது. பனி உருகியதிலிருந்து கோடை முடியும்வரை வாரம் ஒருமுறை காலி செய்து, அகப்பட்டதைச் சாராயத்தில் போட்டு, டென்மார்க்குக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டும் அதையே செய்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டும்.

பத்து வருடக் குப்பிகள் சேர்ந்தபின், டோக்கே ஹோயே தலைமையில் 2007-ல் வந்த கட்டுரை உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. செடிகள் பூப்பதும் பூச்சிகள் வெளிவருவதும் பறவைகள் முட்டையிடுவதும் சராசரியாகப் பத்தாண்டுக்கு 14 நாட்களுக்கும் மேல் முன்னே நகர்ந்திருந்தன. கோடை மொத்தமே சில வாரங்கள் இருக்கும் ஊரில் இரண்டு வாரம் என்பது என்ன அளவு என்று யோசிக்க வேண்டும்.

அந்தக் கிண்ணங்களில் அடிக்கடி விழுந்தது பர்டோசா கிளேசியாலிஸ் என்ற ஓநாய்ச் சிலந்தி. வலை பின்னாது, ஓடித் தாவிப் பிடிக்கும். தாய் முட்டைப்பையை வயிற்றின் நுனியில் ஒட்டிச் சுமந்துகொண்டே வேட்டையாடும். குஞ்சு பொரித்ததும் அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். பனி சீக்கிரம் உருகும் ஆண்டுகளில் இச்சிலந்தி பெரிதாக வளர்கிறது, அதிலும் பெண் சிலந்தி ஆணைவிட அதிகமாகப் பருக்கிறது என்பது 2009-ல் தெரிந்தது. தலைமார்பு ஓட்டின் அகலத்தை ஒவ்வொன்றாக அளந்து கண்டது அது.

பிறகு யாரோ முட்டைப்பைகளைத் திறந்து முட்டைகளை எண்ண நினைத்தார்கள். கிட்டத்தட்ட இருபது வருடக் குப்பிகளில் தாயோடு சேர்ந்து விழுந்த பைகள் அப்படியே இருந்தன. எண்ணியபோது பைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன: கோடைத் தொடக்கத்தில் முட்டை நிறைந்த பைகள், பின்கோடையில் முட்டை குறைந்த பைகள். ஒரு கோடையில் ஒருமுறை மட்டுமே முட்டையிடும் என்று எண்ணியிருந்த சிலந்தி இரண்டாம் முறையும் இடுகிறது. பனி சீக்கிரம் உருகிய ஆண்டுகளில் இரண்டாம் பை வைத்த தாய்கள் அதிகம். ஆர்க்டிக்கில் இதைக் கண்டது அதுவே முதல்முறை, 2020-ல் வெளிவந்தது. 1996-ல் கிண்ணம் புதைத்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு வைக்கவில்லை. கேள்வி பிறக்கும் முன்பே பதில் குப்பியில் காத்திருந்தது. கண்காணிப்பு என்பது எவ்வளவு பெரிய கொடை என்று எனக்கு உணர்த்தியது இந்த ஒரு செய்திதான்.

எல்லாச் செய்தியும் வளர்ச்சியல்ல. அதே குப்பிகளில் இருந்த வீட்டு ஈ குடும்பத்து ஈக்களைச் சாரா லோபோடாவும் கூட்டாளிகளும் இனம் பிரித்தபோது, 1996-க்கும் 2014-க்கும் இடையில் எண்ணிக்கை 80 சதவீதம் சரிந்திருந்தது. தேனீக்கள் மிகக் குறைந்த அந்த நிலத்தில் ட்ரையாஸ் என்னும் வெண்பூவுக்கு மகரந்தம் சுமப்பதில் இந்த ஈக்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. சிலந்தி கூடினால் மண்ணுக்கு என்ன ஆகும் என்று அலாஸ்காவில் அமாண்டா கோல்ட்ஸ் வேலி கட்டிச் சோதித்ததும் சேர்த்துப் படிக்க வேண்டியது. சூடேற்றாத நிலத்தில் ஓநாய்ச் சிலந்தி கூடியபோது பூஞ்சை தின்னும் ஸ்பிரிங்டெயில் பூச்சிகள் குறைந்தன. சூடேற்றிய நிலத்தில் சிலந்தி கூடியும் அவை பெருகின. அங்கே இலைதழை மட்குவது மெதுவானது. துந்திராவின் உறைமண்ணில் ஏராளமான கரியம் அடைபட்டிருப்பதால், எட்டுக்கால் பிராணியின் உணவுப் பழக்கம் காலநிலைக் கணக்கிலும் இடம் பிடிக்கிறது.

நம் சதுப்பு நிலத்துக்கு வரும் உள்ளான்களின் பிறப்பிடம் கிரீன்லாந்து அல்ல, யூரேசியாவின் வடகோடி. அங்கே தைமிர் தீபகற்பத்தில் டச்சு ஆய்வாளர்கள் இங்க்ரிட் டுல்ப்பும் ஹான்ஸ் ஷெக்கர்மனும் இதே குழிப்பொறிகளை வைத்தார்கள். சில ஆண்டுப் பிடிப்பை வானிலையோடு பொருத்தி, பழைய வானிலைப் பதிவுகளின் துணையால் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, பூச்சிகள் உச்சம் தொடும் நாள் 1973-க்கும் 2003-க்கும் இடையில் ஏழு நாள் முன்னே வந்திருந்தது. குஞ்சு பொரிக்கும் நாளும் அதே அளவு முன்னே வந்தால் கவலை இல்லை. வராவிட்டால், கொசு உள்ளான் குஞ்சு கண்விழிக்கும்போது பந்தி முடிந்திருக்கும்.

நம் பக்கம் வருவோம். குளிர்நிலச் சிலந்தியியலில் இந்தியாவுக்கு நல்ல தொடக்கம் இருந்தது. 1924 எவரெஸ்ட் பயணக்குழுவின் மருத்துவர் ரிச்சர்ட் ஹிங்ஸ்டன், இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், 6,700 மீட்டர் உயரத்தில், செடி கொடி எதுவும் இல்லாத பாறைப் பிளவுகளில் சின்னத் தாவும் சிலந்திகளைக் கண்டார். தின்ன ஒன்றும் இல்லாத இடத்தில் இவை எதைத் தின்கின்றன? ஒன்றையொன்று தின்னும் போலும் என்று அவர் ஊகித்தார். டார்ஜிலிங்கில் பிறந்த அமெரிக்க உயிரியலாளர் லாரன்ஸ் ஸ்வான் பின்னாளில் விடை சொன்னார்: கீழ்ச் சரிவுகளிலிருந்து காற்று அள்ளிவரும் தாவரத் தூசியைத் தின்னும் சிறு பூச்சிகள் அங்கே உண்டு, சிலந்தி அவற்றைத் தின்கிறது. 1975-ல் ஃபிரெட் வான்லெஸ் அந்தச் சிலந்திக்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஹிங்ஸ்டன் எவரெஸ்ட்டில் இருந்த அதே 1924-ல், எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் கிரேவ்லி, இந்திய ஓநாய்ச் சிலந்திகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். மலையுச்சியும் சென்னையும் ஒரே வருடத்தில் சிலந்திக்குக் கண் கொடுத்தன.

அதன்பின் வந்தவர் நம் ஊர்க்காரர். மகாதேவ சுப்பிரமணிய மணி, 1908-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். ஆக்ரா செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பூச்சியியல் பள்ளி அமைத்து, 1954, 1955, 1956 ஆண்டுகளில் மாணவர்களோடு வடமேற்கு இமயத்தின் மரக்கோட்டுக்கு மேலே ஏறினார். உருகும் பனியின் விளிம்பிலும் கற்களுக்கு அடியிலும் தேடினார்கள். ஏன் அங்கே பூச்சிகள் சிறுத்துக் கறுத்திருக்கின்றன, ஏன் பல சிறகை இழந்திருக்கின்றன, பனி எப்படி அவற்றைக் கொல்லாமல் போர்த்திக் காக்கிறது, சமவெளியிலிருந்து காற்று தூக்கிவந்து பனிமேல் போடும் பூச்சிகள் எப்படி மேலுள்ளவற்றுக்கு உணவாகின்றன என்றெல்லாம் விளக்கிய அவருடைய நூல் 1962-ல் லண்டனில் வெளிவந்தது. உலக மலைகளையெல்லாம் சேர்த்து எழுதிய பெருநூல் 1968-ல் வந்தது. உயரமலைப் பூச்சியியல் என்ற துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் காவிரிக்கரைத் தமிழர் என்பதை நம் பள்ளிப் பாடநூல்கள் சொல்லியிருக்க வேண்டும்.

ஸாக்கன்பர்க்கில் கிண்ணம் புதைப்பதற்கு நாற்பது வருடம் முன்பு மணி இமாச்சலத்தின் லாகூல் பக்கம் இருந்தார். 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தபின் லாகூலுக்குக் குளிர்காலத்திலும் போக முடிகிறது. அவருடைய பதிவுகளில் உள்ள இடங்களுக்கு அருகே ஒரு வரிசைக் கிண்ணம் புதைத்து, பனிக்கு முன் நேஸ்மார்க் பாணியில் கூரையும் போட்டால், எழுபது வருடத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட முடியும். உலகில் அதிகம் பேருக்கு அந்த வசதி கிடையாது. 2008-லிருந்து ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டில் நமக்கு ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் இருக்கிறது. அங்குள்ள காங்ஸ்ஃபியோர்டில், 192 மீட்டர் ஆழத்தில், 2014-ல் இறக்கிய கடல் கண்காணிப்பு மேடையில் வேளச்சேரி - தாம்பரம் சாலையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உழைப்பு இருக்கிறது. கடலுக்கு ஆண்டுக்கணக்கில் காவல் வைக்கத் தெரிந்த நாடு, கரையில் ஒரு கிண்ணத்தையும் ஆண்டுக்கணக்கில் காக்கும்.

வேளச்சேரிக்கும் கிண்ணம் வேண்டும் என்பது என் விருப்பம். ஏரிப்பாசன வயல்கள் இருந்த ஊர் இது. தமிழ்நாட்டு நெல்வயல்களில் புகையான் பூச்சியை வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தியும் பர்டோசா பேரினத்தைச் சேர்ந்ததே. கிரீன்லாந்துச் சிலந்திக்கு ஒன்றுவிட்ட சகோதரி. ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து இரை வரை பிடிக்கும். வயல் போய் அடுக்குமாடி வந்தபோது எத்தனை வகைச் சிலந்தி மறைந்தது, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் எது திரும்பி வந்தது என்று கேட்டால் காட்ட நம்மிடம் குப்பி இல்லை.

குடியிருப்புகளில் இப்போது மண்ணைப் பார்ப்பதே அரிது. பேவர் பிளாக் சுவரை ஒட்டிப் போய் முடிகிறது. மண் மிச்சம் இருப்பது கல்லூரி வளாகங்களில். குரு நானக் கல்லூரி இருக்கிறது, ஐ.ஐ.டி. வளாகம் இருக்கிறது. பள்ளிக்கரணை வனத்துறையின் கையில் இருப்பதால் அங்கே அனுமதி வாங்காமல் எதுவும் புதைக்கக் கூடாது. செய்முறை எளிது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் டம்ளர். உள்ளே இருப்பதை மட்டும் தூக்கி எடுத்தால் குழி சரியாது. விளிம்பு மண்மட்டத்துக்கு மேலே ஒரு நெல்மணி அளவுகூட எழும்பக் கூடாது. மழைத்தண்ணீர் நிரம்பாமல் நாலு கல்லின் மேல் ஒரு ஓடு. தவளையும் அரணையும் விழுந்து சாகாமல் இருக்க வாய் சிறிதாக இருக்கட்டும், மேலே அகலக் கண்ணி வலை போடலாம். இனத்துக்கு நாலைந்து மாதிரி சேர்ந்தபின், திரவம் இல்லாத வெறும் டம்ளர் வைத்துக் காலையில் எண்ணி விட்டுவிடுவதே எனக்கு உகப்பு. எடுத்த நாள், இடம், எத்தனை நாள் திறந்திருந்தது, இந்த மூன்றையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். மை சாராயத்தில் கரைந்துவிடும். குழி இருக்கும் இடத்தை வளாக வரைபடத்தில் குறித்துத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், தொடங்கிய ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகும் அடுத்தவர் அதே இடத்தில் டம்ளரை இறக்கலாம்.